அடுப்பு மேடை நாட்குறிப்பு

ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை மறுநாள் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். மதினி போனில், "அத்தை வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பூனைய எங்கிட்டாவது கொண்டுபோயி விட்டுரு. தையல்ல சீழ் வச்சா யாரு பாக்குறது?" என்றாங்க. எங்கிட்டும் விடப்போவதில்லை. ஆனால் அவங்க கேட்டதில் நியாயம் இருக்கிறது. கட்டிலில் ஏறக் கூடாது. அடுப்பு மேடையில் ஏறக் கூடாது. அம்மா வருவதற்குள் இரண்டும் நடக்க வேண்டும்.

ஏப்ரல் 28

எங்கள் பூனை பட்டாணி இன்றும் மேடையில்தான். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே, அம்மா காய் நறுக்கும் இடத்தில்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மீனாட்சி கோயிலில் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம். அம்மாவை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் பதினொன்றரைக்குத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் நல்லபடியா முடிஞ்சது என்றார். சாயங்காலம் மயக்கம் தெளிந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "பட்டாணி தின்னாளா?"

தின்னாள் அம்மா. நீ சாப்பிடு.

ஏப்ரல் 30

அண்ணன் ஸ்பிரே பாட்டில் வாங்கி வந்தான். "ஏறுனா மூஞ்சியில அடி. ரெண்டு நாள்ல நிப்பாட்டிரும்." திருப்பிக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் அடித்தால் பூனை மேடையை வெறுக்காது. பாட்டில் வைத்திருக்கிற ஆளைக் கண்டுதான் பயப்படும், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறும். இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லாத நேரம்தான் அதிகம். கத்துவதும் அப்படித்தான். அம்மா வரும்போது என்னைக் கண்டு கட்டிலுக்கடியில் பதுங்குகிற பூனை இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மே 1

தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இன்று அண்ணன் முறை. சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக ஏறுகிறாள்?

ஒன்று, உயரம். பூனைக்கு உயரத்தில் இருந்தால்தான் பயம் இல்லை. வீட்டில் கூட்டம் வந்து போகிற இந்த நாட்களில் அது இன்னும் வேண்டும். அப்புறம் ஜன்னல். பின்வீட்டு முருங்கையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையிலிருந்து கத்துகிறது, அது மேடையிலிருந்துதான் தெரியும். குழாய் சொட்டுகிறது, கிண்ணத்துத் தண்ணீரை விட அவளுக்கு அந்தச் சொட்டுதான் பிடிக்கும். கடைசியாகப் பாலாடை. அம்மா காலையில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை விரலில் எடுத்து மேடையிலேயே நீட்டுவாள். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் செரிக்காதும்மா என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "ஆடைதானடி, பாலா?" என்பாள்.

இவ்வளவும் ஒரே இடத்தில் இருக்கும்போது இறங்கு என்றால் அவள் ஏன் இறங்க வேண்டும்? இவ்வளவையும் வேறு ஒரு இடத்தில் வைத்துக் கொடுத்தால்தான் இறங்குவாள். விரட்டுவது பாதி வேலைகூட இல்லை.

மேடையில் அவளுக்கும் ஆபத்து இருக்கிறது. அணைத்த பிறகும் பர்னர் சுடும். நறுக்கின வெங்காயம், உரித்த பூண்டு இரண்டுமே பூனைக்கு விஷம். இதை மதினியிடம் சொல்ல வேண்டும், அம்மாவுக்காக மட்டும் நான் இதைச் செய்யவில்லை என்று.

மே 2

குழாய்க்கு வாஷர் மாற்றியாச்சு.

மே 3, சனி

அம்மாவின் கால் தையல் மெஷினை ஹாலில் இருந்து இழுத்துவந்து சமையலறை ஜன்னலோரம் போட்டேன். தலையை உள்ளே மடக்கி மூடினால் மேலே நல்ல சமமான பலகை. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். மேலே மடித்த சாக்கு. முருங்கை இங்கிருந்தும் தெரிகிறது.

அம்மா இன்னும் பல மாதம் மிதிக்கப் போவதில்லை. அதை நினைக்காமல் இழுத்தேன்.

மேடை விளிம்பு நெடுக பழைய காலண்டர் அட்டைகள், மேலே இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். பட்டாணி வழக்கம்போல எம்பினாள். முன்னங்கால் அட்டையில் பட்டதும் அட்டை காலோடு வந்தது. உதறினாள், இன்னொரு காலை வைத்து அமுக்கினாள், அதுவும் ஒட்டியது. கீழே குதித்து, விரல்களை விரித்துவைத்து ஒவ்வொரு இடுக்காக ரொம்ப நேரம் நக்கினாள். பாவமாக இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை, கோபமெல்லாம் அட்டை மேல்தான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்தது. சாக்கில் கால் வைத்த அந்த நொடியே ஒரு துண்டு. கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அவளுக்குப் புரியாது.

மே 4

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. மத்தியானம் திரும்பவும் மேடை, அட்டை இல்லாத மூலையில், வயிற்றைக் கிரானைட்டில் ஒட்டிக்கொண்டு. குளிர்ச்சி! இதை விட்டுவிட்டேனே. மாடிப்படிக்கடியில் கிடந்த கடப்பாக்கல் துண்டைக் கழுவித் துடைத்து மெஷின் மேல் பாதிக்கு வைத்தேன். பாதி கல், பாதி சாக்கு. மூன்று மணிக்கு அவளே போய்ப் படுத்தாள். கோழி கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மே 6, செவ்வாய்

அம்மா வந்துவிட்டாள்.

உயரமான நாற்காலியில்தான் உட்காரணும். இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது. தையல் பிரிக்கும்வரை கட்டிலில் பூனை கூடாது, இதை டாக்டரே சொன்னார். மதினி என்னைப் பார்த்தாங்க.

மே 7

கட்டிலில் இருந்துகொண்டு அம்மா போர்வையைத் தட்டி "வாடி தங்கம்" என்று கூப்பிடுகிறாள்! பட்டாணி வேறு என்ன செய்வாள், வருகிறாள். பாய்ந்து பிடித்தேன். ஒருத்தர் கூப்பிட்டு ஒருத்தர் இறக்கிவிட்டால் பூனை ஒன்றும் கற்காது. எப்போதாவது கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னும் விடாப்பிடியாக வரும். அம்மாவிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "பத்து நாளு ஒத்தையில கெடந்துட்டு வந்துருக்கேன் பாப்பா."

ராத்திரி முழுக்க அந்த வார்த்தைதான்.

மே 8, வியாழன்

திருக்கல்யாணம். டிவியில் பார்த்து அம்மா அழுதாள். வலிக்காகவும் இருக்கலாம்.

மத்தியானம் ஒரு யோசனை. குனிய முடியாது, அதனால் தரையில் கிண்ணம் வைக்க முடியாது. நின்றால் இரண்டு கையும் வாக்கரில். மேடைப் பக்கம் போகவே வேண்டாம். உயர நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மாவின் கை நேராக மெஷின் பலகைக்கு வருகிறது. நாற்காலியை அங்கே போட்டேன். பட்டாணி கல்லில் ஏறியதும் அம்மா கோழித் துண்டை நீட்டினாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 9

தேர். மேடைப் பக்கம் பட்டாணி வரவே இல்லை. அட்டைகளை இன்னும் எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

எதிர்சேவை, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாள். அழகர் மூன்றுமாவடி தாண்டி புதூருக்கு வரும் முன்பே வேட்டுச் சத்தம். பட்டாணி மேடை, அங்கிருந்து ஃபிரிட்ஜ், அங்கிருந்து பரண். அட்டை ஒன்று வாலில் ஒட்டிப் பறந்தது. இன்றைக்கு ஏறினதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பயந்த பூனை மேலேதான் போகும். இறக்கப் போகவும் இல்லை, சாக்கை மட்டும் பரணுக்குத் தள்ளிவிட்டேன். வாசல் வரை வாக்கரில் வந்து அம்மா "கோவிந்தா" என்று கும்பிட்டாள். எத்தனை வருஷமாக மெயின்ரோட்டில் போய் நின்று பார்த்தவள்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். இன்றுதான் தையல் பிரிக்கச் சொன்ன நாள். ரோடெல்லாம் அடைப்பு. 14க்கு மாற்றிக்கொண்டோம். பட்டாணி சாயங்காலம்தான் பரணிலிருந்து இறங்கினாள்.

மே 13

புதுக் கவலை. அம்மா வாக்கர் வைத்து நடக்கும்போது பட்டாணி காலுக்குள் எட்டுப் போடுகிறாள். மேடையும் கட்டிலும் பரவாயில்லை போல, இதில் அம்மா விழுந்தால் எல்லாம் போச்சு. இழுத்தால் கழன்றுவிடுகிற பட்டையில் மணி கட்டியிருக்கிறேன், வருவது அம்மாவுக்குக் கேட்கட்டும். அம்மா எழுந்திரிக்கும் முன் "மெஷின்" என்று சொல்லி ஒரு துண்டு அங்கே வைக்கிறோம். அவள் ஏறின பிறகுதான் அம்மா எழுந்திரிக்க வேண்டும். காலையில் அம்மா மறந்துவிட்டாள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் யார் துண்டு வைப்பது? நான் ஹாலிலேயே படுக்கிறேன். பட்டாணியை உள்ரூமில் வைத்துப் பூட்டினால் கதவைப் பிறாண்டுகிறாள், அம்மா தூங்குவதில்லை. திறந்துவிட்டால் நான் தூங்குவதில்லை.

மே 14

தையல் பிரித்தாயிற்று. கீழ்ப்பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. மாத்திரை எழுதியிருக்கிறார். மதினி ஆட்டோவில் வாய் திறக்கவில்லை. கட்டிலில் ஒரு நாளும் பட்டாணியைத் தங்கவிடவில்லை மதினி. இதை எப்படிச் சொல்வது, யார் நம்புவார்கள்.

மே 15

காய்ச்சல் இல்லை. சிவப்பு அப்படியேதான். கோழி தீர்ந்துவிட்டது, வாங்கணும்.