சி.எஃப்.ஓ. விலகினால் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

ஒரு கம்பெனியின் சி.எஃப்.ஓ., அதாவது தலைமை நிதி அதிகாரி, திடீரென்று ராஜினாமா செய்துவிட்டார் என்று செய்தி வந்தால், பங்கு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, விற்றுவிடலாமா என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவரை என்ன ஏற்பாட்டில் அனுப்புகிறார்கள் என்பது. இன்ஃபோசிஸ் பங்கை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியைக் கவனித்து வந்ததில் வந்த எண்ணம் இது.

2015 அக்டோபர் 12 அன்று, காலாண்டு முடிவுகளோடு சேர்த்தே இன்ஃபோசிஸ் சி.எஃப்.ஓ. ராஜீவ் பன்சால் விலகுவதாக அறிவித்தார்கள். எம்.டி. ரங்கநாத் அந்த இடத்துக்கு வந்தார். ரிசல்ட் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டாலர் கணக்கில் ஆண்டு வளர்ச்சிக்கான மதிப்பீட்டைக் குறைத்திருந்தார்கள், சி.எஃப்.ஓ.வும் போகிறார் என்றதும் பங்கு அன்று கிட்டத்தட்ட 4 சதவீதம் இறங்கியது. இதில் எவ்வளவு மதிப்பீட்டுக்காக, எவ்வளவு பன்சாலுக்காக என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தை அதை அத்தோடு மறந்தும் விட்டது.

உண்மையான எதிர்வினை அப்புறம்தான் வந்தது. பன்சாலுக்கு விலகல் தொகையாக 17.38 கோடி ரூபாய், அதாவது 24 மாதச் சம்பளம், தர ஒப்புக்கொண்டிருந்தது வெளியே வந்தபோது நிறுவனர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களும் பங்குதாரர்கள்தானே! இவ்வளவு பெரிய தொகை எதற்கு, வாயை அடைக்கவா என்று நாராயண மூர்த்தி வெளிப்படையாகவே கேட்டார். முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மோகன்தாஸ் பை, வி. பாலகிருஷ்ணன் இரண்டு பேரும் விமர்சித்தார்கள். அப்போது தலைவராக இருந்தவர் நம்ம அசோக் லேலண்ட் சேஷசாயி. தவறு எதுவும் நடக்கவில்லை என்று அவரும் போர்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், வெளியாரை வைத்து நடத்திய விசாரணையும் அப்படித்தான் முடிந்தது. ஆனால் சுமார் 5 கோடி கொடுத்துவிட்டு மீதியை நிறுத்திவைத்தார்களே, அது ஏன் என்பதற்குப் பங்குதாரர்களுக்கு நேரான பதில் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. கொடுக்க வேண்டிய பணம் என்றால் ஏன் நிறுத்த வேண்டும், கொடுக்கக் கூடாத பணம் என்றால் முதலில் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

2017 ஆகஸ்ட் 18 அன்று, தொடர்ந்து வரும் தாக்குதல்களைக் காரணம் காட்டி தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா விலகினார். அன்று ஒரே நாளில் பங்கு கிட்டத்தட்ட 10 சதவீதம் விழுந்தது. சில நாளில் சேஷசாயியும் போய் நந்தன் நிலேகணி தலைவராக வந்தார். நிறுவனர்களுக்கும் போர்டுக்கும் நடந்த சண்டைக்கு வேறு காரணங்களும் இருந்தன, பனாயா என்ற மென்பொருள் கம்பெனியை வாங்கியது, சிக்காவின் சம்பளம் என்று. ஆனால் அந்த 17 கோடி இல்லாமல் இது இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து. 2018 செப்டம்பரில் நடுவர் தீர்ப்பாயம் மீதி 12.17 கோடியை வட்டியோடு பன்சாலுக்குக் கொடுக்கச் சொன்னது. இதே விவகாரத்துக்காக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடமும் சுமார் 34 லட்சம் கட்டி சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. எல்லாம் நம் பணம்.

ரங்கநாத்தும் 2018 ஆகஸ்ட் 18 அன்று, ஒரு சனிக்கிழமை, ராஜினாமாவை அறிவித்தார். திங்கட்கிழமை பங்கு 3 சதவீதம் போல இறங்கியது. நாட்டின் மிகச் சிறந்த சி.எஃப்.ஓ.க்களில் ஒருவர் என்று மூர்த்தியே வருத்தப்பட்டார். ஆனால் அவர் நவம்பர் வரை இருந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார், ஜயேஷ் சங்ராஜ்கா இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார், அடுத்த மார்ச்சில் நிலஞ்சன் ராய் வந்தார். 2023 டிசம்பரில் ராய் விலகியபோது, அவர் மார்ச் கடைசி வரை இருப்பார், பிறகு ஜயேஷ் வருவார் என்பதை ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். முதலீட்டாளருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை இதுதான்.

இப்போது விதிகளும் கொஞ்சம் நம் பக்கம் இருக்கின்றன. சி.எஃப்.ஓ. விலகினால், அவர் சொன்ன விரிவான காரணங்களோடு ராஜினாமா கடிதத்தை, விலகல் நடைமுறைக்கு வந்த 7 நாளுக்குள் பங்குச் சந்தைக்குத் தர வேண்டும் என்று 2023இல் செபி கொண்டுவந்தது. காலியிடத்தைப் பொதுவாக 3 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். அந்தக் கடிதம் பங்குச் சந்தைத் தளத்தில் யாருக்கும் கிடைக்கும், தேடிப் படியுங்கள். 'சொந்தக் காரணம்' என்று ஒற்றை வரியோடு நிறுத்தியிருந்தால், கடைசி வேலைநாள் எது, விலகல் தொகை உண்டா, ஆடிட்டரும் சமீபத்தில் மாறினாரா என்று பாருங்கள். விடை கிடைக்கவில்லையா, பல பெரிய கம்பெனிகள் இப்போது ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் காணொளியில்தான் நடத்துகின்றன, ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம். அங்கே கேளுங்கள்.