சால்ட் லேக் சிட்டியில் வீடு பிடித்த அனுபவம்

முதல் வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் வேறெங்கோ போய் நின்றேன். முகவரி 900 ஈஸ்ட், 400 சவுத் முக்கு. நான் நின்ற இடம் 400 ஈஸ்ட், 900 சவுத். ஆகஸ்ட் வெயில், இடுப்பில் நான்கு வயது மகள். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். நடந்து போய்ச் சேர்வதற்குள் வீட்டைக் காட்ட வந்தவர் கிளம்பிவிட்டார்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரில் பெரும்பாலான தெருக்களுக்கு எண்தான் பெயர். நகர நடுவில் இருக்கும் டெம்பிள் ஸ்கொயர்தான் பூஜ்யம். அங்கிருந்து கிழக்கே ஒன்பது பிளாக் போய், தெற்கே நான்கு பிளாக் இறங்கினால் நான் போயிருக்க வேண்டிய முக்கு. ஊரின் மையப் பகுதியில் ஒரு பிளாக்கே 660 அடி நீளம். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

நான் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு முதுமுனைவர் ஆய்வுக்காக வந்தேன். கணவருக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தற்காலிக அறை எடுத்திருந்தோம், அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். பெரிய அடுக்குமாடி வளாகங்களில் இரண்டு இடத்தில் விண்ணப்பித்தோம். ஆளுக்கு 45 டாலர் கட்டணம். இரண்டு பேர், இரண்டு இடம், மொத்தம் 180 டாலர். அது திரும்ப வராத பணம். இரண்டு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் கேட்டார்கள், அது மயிரிழையில் தேறியது. கிரெடிட் ஸ்கோர்தான் இல்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய சரித்திரம் இந்த நாட்டில் இருந்தால்தான் அந்த எண் உண்டாகும். வந்து பத்து நாள் ஆனவளுக்கு அது எங்கிருந்து வரும்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏழு வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கொடுத்தவள் நான். அது இங்கே ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் மனதை அறுத்தது.

மறுநாள் காலை கோவைக்குப் போன் போட்டு எங்கள் பழைய வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மகனை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதோடு பல்கலைக்கழகத்தின் பணி நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் வளாகங்களை விட்டுவிட்டு, தனி ஆட்கள் வாடகைக்கு விடும் வீடுகளை மட்டும் தேடினேன். யூட்டாக்காரர்கள் அதற்கு அதிகம் பார்ப்பது கேஎஸ்எல் கிளாசிஃபைட்ஸ் என்ற விளம்பர இணையதளம். (வேறொரு விளம்பரத்தில் ஒருவர், வீட்டைக் காட்டும் முன்பே முன்பணம் அனுப்பச் சொன்னார். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.)

அப்படிக் கிடைத்ததுதான் 900 சவுத் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடி. இரண்டு படுக்கையறை, மாதம் 1,500 டாலர். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கோவைக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். ஒரு மாத டெபாசிட்டுக்குப் பதில் இரண்டு மாதம் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். சென்னையில் பத்து மாத அட்வான்ஸைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் டாலரில், கையிருப்பு கரையும் நேரத்தில், முதல் மாத வாடகையும் சேர்த்து 4,500-ஐ ஒரே நாளில் எண்ணிக் கொடுப்பது கனமாகத்தான் இருந்தது.

கையெழுத்துப் போடும் முன் வீட்டைச் சுற்றிப் பார்த்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்னால் உரிமையாளர் வீட்டின் நிலையை எழுதித் தர வேண்டும், அல்லது நாம் குறித்துக்கொள்ளப் படிவம் தர வேண்டும், அல்லது கூடவே வந்து சுற்றிப் பார்க்க விட வேண்டும் என்று யூட்டா சட்டம் சொல்கிறது. அந்த அம்மா படிவம் கொடுத்தார். ஒவ்வொரு அறையாக எழுதினேன். படுக்கையறை ஜன்னலில் ஸ்வாம்ப் கூலர் ஒன்று பொருத்தியிருந்தது. நம் ஊர் ஏர் கூலர்தான்: ஈரமான பட்டை வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும். கடலோர ஊரில் அதைப் போட்டால் மேலெல்லாம் பிசுபிசுக்கும். இங்கே காற்று வறண்டிருப்பதால் அருமையாக வேலை செய்கிறது, ஆனால் வேறொரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும். அந்தக் கூலருக்கு நேர் கீழே, கார்பெட்டில், தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒரு பழுப்பு வளையம். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். பக்கத்தில் ஒரு 25 சென்ட் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன். படிவத்திலும் எழுதி, அந்த அம்மாவின் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொண்டேன்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டது நல்லதாயிற்று. பனி பெய்து நின்றால் வீட்டு முன் நடைபாதையை 24 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகர விதி. அதை யார் அள்ளுவது? நாங்கள்தான் என்று எழுதியிருந்தது, அந்த வாரமே மண்வெட்டி வாங்கிவிட்டோம். இரண்டாவது, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்குள் இருக்கும் காற்று வடிகட்டியை யார் மாற்றுவது. சாதாரணமாகக் கேட்டேன். அதன் அருமை ஜனவரியில் தெரிந்தது.

கிழக்கே வாசாட்ச், மேற்கே ஓக்கர் என்று இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே, கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு இது. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துவிடும். வண்டிப் புகையெல்லாம் அதற்குள் அடைபட்டு, நாள்கணக்கில் மலையே கண்ணுக்குத் தெரியாது. இங்கே அதை இன்வெர்ஷன் என்கிறார்கள். மகள் ராத்திரியெல்லாம் இருமினாள். வடிகட்டியைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி. மெர்வ் 13 என்ற தரத்தில் ஒன்றை வாங்கிப் போட்டோம். இருமல் முழுக்க நிற்கவில்லை, ஆனால் தூங்கினாள். சிறு குழந்தையோ ஆஸ்துமாவோ உள்ள வீடென்றால் இந்தக் கேள்வியை வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

மற்றபடி வாழ எளிதான ஊர். பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் டிராக்ஸ் ரயிலுக்குத் தனிக் கட்டணம் இல்லை, அதனால் முதல் வருஷம் கார் இல்லாமலே ஓட்டினோம். சவுத் ஜோர்டனில் ஸ்ரீ கணேஷா கோயில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,200 அடி, ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. தண்ணீர் 100 டிகிரி வரும் முன்னே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கரை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தோம். அதற்குள் அந்த அம்மா வீட்டை ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். காலி செய்த 30 நாளுக்குள் டெபாசிட்டையோ, பிடித்தம் உண்டென்றால் அதன் கணக்கை எழுத்திலோ தர வேண்டும் என்பது இங்கே சட்டம். 27-ஆம் நாள் கடிதம் வந்தது: கார்பெட் கறைக்கு 380 டாலர் பிடித்தம். அதே கூலர், அதே வளையம். எனக்குக் கை நடுங்கியது, பணத்துக்காக மட்டும் இல்லை, நாங்கள் கெடுத்துவிட்டுப் போனோம் என்று எழுதியிருந்ததற்காக. நாணயம் வைத்த படத்தையும் கையெழுத்திட்ட படிவத்தையும் இணைத்து, நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். எட்டு நாளில் மீதிக் காசோலை புது வீட்டுக்கு வந்தது.

தபால்பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தவள் மகள். இப்போது அவளுக்கு ஆறு வயது. அன்று சாயங்காலம் கோவையில் இருக்கும் அம்மாச்சிக்குப் புது முகவரியைப் போனில் அவளே சொன்னாள். ஈஸ்ட் எது, சவுத் எது என்று அம்மாச்சி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் பொறுமையாக, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.