‘நேத்து எவ்வளவு?’: கோத்தகிரி நாட்குறிப்பு

2021 ஏப்ரல் 18, ஞாயிறு

அறிவிப்பு வந்துவிட்டது. நாளை மறுநாளிலிருந்து இரவு பத்து முதல் காலை நாலு வரை ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழுதும் அடைப்பு, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கு அனுமதியே இல்லை. தமிழ்நாட்டில் இன்றைய கொரோனா கணக்கு 10,723.

சீசன் தொடங்குகிற நேரத்தில் இது. போன வருஷமும் மலர்க் கண்காட்சி இல்லாமல் போனது, வர்க்கி சுடுகிறவர்களிலிருந்து ஜீப் ஓட்டுகிறவர்கள் வரை எல்லோரும் நகையை அடகு வைத்துத்தான் நாளைத் தள்ளினார்கள். எங்கள் தெருவில் ஜீப் வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன மாதம்தான் நாலு டயரும் மாற்றினான். டிவியில் அறிவிப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, “பதினஞ்சு நாளைக்கு முன்னாடி மீட்டிங்குக்கு அத்தனை லாரியில ஆள ஏத்தினாங்களே அண்ணே, அப்ப எங்க போச்சு இந்த கொரோனா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு வரை முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டதைப் பார்த்த கண்தானே அவனுக்கும்.

மலை மேல் ஆஸ்பத்திரியும் கட்டிலும் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தவன் யாரும் இந்தத் தடையைத் தப்பு என்று சொல்ல மாட்டான். மூச்சு வாங்கினால் கோவைக்கு இறங்க வேண்டும், குஞ்சப்பனை வளைவுகளில் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகம்தான் போகும்? இந்தக் காரணத்தை அறிவிப்போடு சேர்த்து யாராவது சொல்லியிருந்தால் அவன் இன்று கேட்ட கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 23, வெள்ளி

தேயிலை எடை போடுகிற ஷெட்டில் இப்போதெல்லாம் முதல் பேச்சே “நேத்து எவ்வளவு?” என்பதுதான். முன்பெல்லாம் அது இலை விலையைப் பற்றிய கேள்வி.

நேற்றிலிருந்து நாட்டின் ஒரு நாள் கணக்கு மூன்று லட்சத்துக்கு மேல். இந்த மாதம் முதல் வாரத்தில் எல்லாப் பேப்பரிலும் ஒரு செய்தி வந்தது: ‘சூத்ரா’ என்று ஒரு கணித மாதிரி வைத்து ஐஐடி பேராசிரியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஏப்ரல் 15-லிருந்து 20-க்குள் உச்சம், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை போய்விட்டு இறங்கும் என்று. ஏப்ரல் 5-லேயே ஒரு லட்சம் ஆகிவிட்டது, 15-ல் இரண்டு லட்சம், நேற்று மூன்று. ஷெட்டில் பெரியவர் ஒருவர் அந்தப் பேப்பரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். கொண்டுவந்து விரித்துக் காட்டி, “படிச்சவங்க சொன்னதையே நம்ப முடியலைன்னா அப்புறம் மாஸ்க் போடு, ஊசி போடுன்னு சொல்றத மட்டும் எதுக்கு நம்பணும்?” என்றார்.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். போன வருஷமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2020 ஏப்ரல் 24 அன்று நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் ஒரு வரைபடத்தைக் காட்டினார், அதில் மே 16-க்குள் புதுத் தொற்று பூஜ்யம். அந்த மே 16 வந்தபோது மொத்த எண்ணிக்கை 85 ஆயிரத்தைத் தாண்டி சீனாவையும் முந்திவிட்டது. இப்படி இரண்டு தடவை ஆனால் எந்த ஊர்தான் மூன்றாவது தடவை காது கொடுக்கும்?

ஆனால் அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இது. கணக்கு போடுகிறவர்கள் அதுவரை வந்த எண்களை வைத்து, பரவுகிற வேகம் இப்படியே இருந்தால் என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். நடுவில் வைரஸ் மாறிவிட்டது. கூட்டமும் கூடியது. வைத்துக்கொண்டது போய்விட்டால் விடையும் போய்விடும். செய்தி போடுகிறவர்கள் அந்த ‘இப்படியே இருந்தால்’ என்பதை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நம் ஜனங்களுக்குத் தேதி சொன்னால் அது ஜாதகம் மாதிரி, பலித்தது, பலிக்கவில்லை என்று இரண்டே தீர்ப்பு.

தலையாட்டினார். முழுசாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 26, திங்கள்

நேற்றுதான் முதல் ஞாயிறு அடைப்பு. ஊர் அவ்வளவு அமைதி. இன்று காலை தடுப்பூசி பற்றி விசாரித்தால், கொழுந்து பறிக்கும் அக்காக்கள் ஒருவர்கூடப் போகத் தயாரில்லை. நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டு 17-ஆம் தேதி இறந்ததிலிருந்து இப்படித்தான். ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கோடிக்கணக்கான பேர் ஊசி போட்டது ஒரு எண். விவேக் இவர்கள் வீட்டு ஆள். அந்த அக்காக்களைக் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை, தனக்குத் தெரிந்த முகத்தை வைத்துத்தான் மனுசன் பயப்படுகிறான், தைரியப்படுவதும் அப்படித்தான். ஷெட்டில் ஊசி போட்டவர்கள் வந்து நின்று கையைக் காட்டிப் பேசினால்தான் இது நகரும்.

மே 7, வெள்ளி

இன்று காலைக் கணக்கு 4,14,188. நாடு முழுசும் சேர்ந்து இதுவரை இல்லாத எண்ணிக்கை. புது முதலமைச்சர் பதவியேற்றார்.

நேற்று முன்தினம் மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன் மூன்றாவது அலை தவிர்க்க முடியாதது என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு ஊரே இடிந்து போய்விட்டது, ரெண்டாவதே முடியவில்லை அதற்குள் மூன்றாவதா என்று. இன்று அவரே, கடுமையாக நடவடிக்கை எடுத்தால் எல்லா இடத்திலும் வராமல் போகலாம், எங்குமே வராமலும் போகலாம் என்கிறார். வாட்ஸ்அப்பில் கிண்டல் பறக்கிறது. எனக்கு என்னவோ இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் நாம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அது புதன்கிழமையே சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

போன வருஷம் மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் சொன்னதும் இதே கதைதான். ஒன்றுமே செய்யாமல் விட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர், அமெரிக்காவில் 22 லட்சம் பேர் சாவார்கள் என்றார்கள். ஊரடங்கு போட்டு எண்ணிக்கை குறைந்தபோது “பார்த்தியா, பயமுறுத்தினாங்க” என்று பேசினவர்கள் ஏராளம். ‘ஒன்றுமே செய்யாமல் விட்டால்’ என்ற மூன்று வார்த்தையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மே 9, ஞாயிறு

நாளையிலிருந்து முழு ஊரடங்கு. அதற்காக நேற்றும் இன்றும் கடைகள் திறந்திருக்கின்றன. கோத்தகிரி மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் தடுக்கிற விதி வருவதற்கு முன்னால் இவ்வளவு கூட்டம்.

மே 22, சனி

நேற்று தமிழ்நாட்டில் 36,184. ஊரடங்கு போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியும் ஏறிக்கொண்டே போகிறதே, அப்புறம் எதற்கு வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கோபம். திங்கட்கிழமையிலிருந்து மளிகைக் கடையும் இல்லையாம், காய்கறி மட்டும் வண்டியில் வரும் என்கிறார்கள். அதற்காக இன்றும் நாளையும் மறுபடி எல்லாவற்றையும் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

இன்று வரும் எண் இன்று தொற்றியவர்களின் எண் கிடையாது. கிருமி உள்ளே போய், நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்து, ரெண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்த்து, அப்புறம் மூக்கில் குச்சி விட்டு, ரிசல்ட் வந்து பட்டியலில் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிடும். நேற்று வந்தது 10-ஆம் தேதிக்கு முந்தைய கடைவீதிக் கூட்டத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் இனிமேல்தான் இறங்க வேண்டும். இறங்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடை மழை பெய்து இப்போது கொழுந்து கொட்டிக் கிடக்கிறது. ஃபேக்டரியில் அவ்வளவையும் அரைக்க முடியாததால் ஆளுக்கு இவ்வளவு கிலோதான் எடுப்போம் என்று கோட்டா வைத்துவிட்டார்கள். என் எடை நோட்டில் ஒரு வாரமாக ஏறக்குறைய ஒரே எண். அதைப் பார்த்துவிட்டு, விளைச்சல் நின்றுபோச்சு என்று யாராவது சொன்னால், முற்றிப்போகிற இலையைப் பார்த்து வயிறெரிகிற சிறு விவசாயி சும்மா விடுவாரா? நோட்டில் இருப்பது எடுத்த இலை, செடியில் இருப்பது வேறு. தொற்றுக் கணக்கும் அப்படித்தான், எத்தனை பேருக்குச் சோதனை செய்தார்களோ அதற்குள்தான் எண் வரும். இதை ஷெட்டில் சொன்னபோது ஒருவருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “அப்ப டெஸ்ட் எத்தனைன்னும் சேர்த்துப் பாக்கணும்” என்று அந்தப் பேப்பர் பெரியவரே முந்திக்கொண்டு சொன்னார். பார்த்தோம். மாநிலத்தில் ஒரு நாளைக்கு 1.7 லட்சத்தை ஒட்டி மாதிரிகள் எடுக்கிறார்கள், நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் தொற்று. தளர்வு கொடுக்க வேண்டுமானால் இது ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் போன வருஷமே சொல்லியிருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் ஒருவர் தாடையில் கிடந்த மாஸ்க்கை மேலே ஏற்றினார்.

இந்த மலையில் சோதனைக்குப் போகவே பயப்படுகிறவர்கள் நிறைய. போன வருஷம் பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், பக்கத்து வீட்டில் பால் கூடக் கொடுக்கவில்லை. இந்த வருஷம் தகரம் இல்லை, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் மூன்று பேர் இருமிக்கொண்டிருந்தார்கள், கேட்டால் பனி என்றார்கள். மே மாசத்தில் ஏது பனி? எங்கள் ஊர்ச் செவிலியர் அக்கா வாசலில் நின்று, “யாரையும் எங்கயும் கொண்டுபோக மாட்டேன், விரலை மட்டும் நீட்டு” என்று ஆக்சிமீட்டரை மாட்டினார். வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் அளவு 88. அன்றைக்கே கீழே அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

மே 28, வெள்ளி

கோவை, ஒரு நாள் கணக்கில் சென்னையை முந்திவிட்டது. நமக்கு இதுதான் நிஜமான கவலை, நம் சீரியஸ் கேஸ் போகிற இடமே அதுதான். அங்கே கட்டில் இல்லை என்றால் இங்கே என்ன விதி போட்டு என்ன?

ஜூன் 13, ஞாயிறு

மாநிலக் கணக்கு பதினைந்தாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. மே 21-தான் உச்சம் என்று இப்போது தெரிகிறது. ஊரடங்கு தொடங்கிச் சரியாகப் பதினோரு நாள்.

நாளையிலிருந்து 27 மாவட்டங்களில் டீக்கடை, சலூன், டாஸ்மாக் எல்லாம் திறக்கலாம். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், அப்புறம் கரூர், நாமக்கல், டெல்டாப் பக்கம் நாலு என்று 11 மாவட்டங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இங்கே கொதிப்பு இன்று அடங்கவில்லை. “கோயமுத்தூர்ல ஆயிரக்கணக்குல வருது, நமக்கு நூத்துக்கணக்குலதான், நம்மள எதுக்கு அவங்களோட கட்டி வைக்கிறாங்க?” சலூன் வைத்திருக்கும் அண்ணன் கேட்டார். அவர் கடை மூடி ஒரு மாதத்துக்கு மேல், வாடகை மட்டும் நிற்கவில்லை. ரேஷன் கடையில் கொடுத்த இரண்டாயிரம் எந்த மூலைக்கு?

பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுக் காட்டினேன். 2011 கணக்குப்படி நீலகிரி மொத்தமே 7,35,394 பேர். சென்னை மாநகராட்சி 66 லட்சத்துக்கு மேல். இங்கே ஒரு நாளைக்கு 400 வந்தால், அது சென்னையில் 3,600 வருவதற்குச் சமம். அந்த 3,600-ஐக் கேட்டால் நாம் ஐயோ என்போம், 400 என்றால் தோளைக் குலுக்குவோம். அண்ணன் அந்தப் பேப்பரை வாங்கி இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தார். “சரி, கணக்கு சரிதான். வாடகைக்கு என்ன பண்றது?” என்றார். அந்தக் கேள்விக்கு இந்தப் பேப்பரில் இடமே இல்லை. அடைக்கச் சொல்கிறவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும், கட்டிட உரிமையாளரிடம் நாங்கள் நாலு பேர் போய்ப் பேசப்போகிறோம்.

ஜூன் 20, ஞாயிறு

எய்ம்ஸ் இயக்குநர் குலேரியா, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மூன்றாவது அலை வரலாம் என்று நேற்று சொல்லியிருக்கிறார். குழந்தைகளைத்தான் தாக்கும் என்று ஒரு பேச்சு வேறு. அதற்கு ஆதாரமில்லை என்று சொன்னவரும் அவர்தான், ஆனால் அந்தப் பாதி எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் வரவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் ஒன்றேகால் வருஷமாக வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத் தாய்மார்கள் முற்றத்துக்குக்கூட விடாமல் வைத்திருக்கிறார்கள். அரைகுறைச் செய்தி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பேப்பர் பெரியவர் தன் காலண்டரில் ஆகஸ்ட் 14-ஐச் சுழித்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

எட்டு வாரம் நேற்றோடு முடிந்தது. அலை வரவில்லை. தமிழ்நாடு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்தை ஒட்டியே நிற்கிறது. பெரியவர் காலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வந்தார், ஆனால், “கூட்டம் கூடினா, ஊசி போடலைன்னா, அப்படின்னுதானே அந்த டாக்டர் சொன்னாரு. இன்னும் பாதிப் பேர் போடலையே” என்றார். அவராகவே.

ஷெட்டுக்கு வருகிறவர்களில் ஏழு பேர் இன்னும் முதல் ஊசியே போடவில்லை. ஆறு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள், ஒரு பாட்டி மட்டும் பிடிகொடுக்கவில்லை. வியாழக்கிழமை முகாம். ஜீப் தம்பி டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறான். பாட்டியிடம் செவிலியர் அக்காவை நாளைக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும்.