குடுத்துட்டே கண்டிக்கிறது

எகிப்துக்கு அமெரிக்கா வருஷா வருஷம் 130 கோடி டாலர் ராணுவ உதவி குடுக்குது, ஆனா அந்தக் காசுல அமெரிக்க கம்பெனிங்ககிட்டதான் ஆயுதம் வாங்கணும், அதாவது இந்தக் கையில குடுத்து அந்தக் கையில வாங்கிக்கிற கதை. 2013 ஆகஸ்ட் 14 அன்னிக்கு கெய்ரோ ராபா சதுக்கத்துல உக்காந்து போராடுனவங்களை எகிப்து பாதுகாப்புப் படை சுட்டுச்சு, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்போட கணக்குல குறைஞ்சது 817 பேர் செத்தாங்க. அக்டோபர்ல ஒபாமா எஃப்-16 விமானம், டேங்க் பாகம் எல்லாத்தையும் நிறுத்தினாரு. பரவால்லயேன்னு பாத்தா 2015 மார்ச்ல திரும்ப திறந்து விட்டுட்டாரு! அதுக்கு முந்தின மாசமே எகிப்து பிரான்ஸ்கிட்ட 24 ரஃபேல் வாங்க கையெழுத்து போட்டாச்சு.

"நாம நிறுத்தினா வேற எவனாவது விப்பான்"னு சொல்றவங்க இதைத்தான் காட்டுவாங்க. விக்கட்டுமே, நம்ம வரிப்பணம் அதுல இல்லாம இருக்குல்ல, அமெரிக்காக்காரனா இருந்தா நான் அப்படித்தான் கேப்பேன்.

சட்டம் இல்லாமயும் இல்ல. சித்திரவதை, கொலை பண்ண படைப்பிரிவுக்கு உதவி கூடாதுன்னு லேஹி சட்டம் 1997லயே வந்துச்சு. எகிப்து பணத்துல ஒரு பங்குக்கு தனியா மனித உரிமை நிபந்தனை வேற போட்டிருக்காங்க, ஆனா "தேசப் பாதுகாப்பு"ன்னு ஒரு காரணம் எழுதினா விலக்கு கிடைச்சிடும். 2024ல நிபந்தனை போட்ட 32 கோடி டாலரையும் பைடன் அரசு குடுத்துடுச்சு, அதுல 22.5 கோடி அப்படி விலக்கு எழுதித்தான். முதல்ல அந்த ஓட்டையை அடைங்கப்பா.