ஒத்தைச் செருப்பு

"அண்ணா, செருப்பை மிதிச்சிட்டீங்க!"

தட்டுவடை செட் வாங்கிட்டுத் திரும்பினா, தெரு நடுவுல ஒத்தைச் செருப்பு. ஓரமா தள்ளப் போனேன், பையன் பதறிட்டான்.

"அங்கயே கிடக்கட்டும்ண்ணா. பந்து அதுமேலதான் குத்தணும்."

இடது கை. பத்து வயசிருக்கும். ரோமமெல்லாம் உதிர்ந்து மொட்டையான டென்னிஸ் பந்து. ஸ்டம்புக்குப் பதிலா ஒரு செங்கல்.

மூணு பந்து தப்பிடுச்சு. நாலாவது, செருப்போட வாரிலயே விழுந்து அதைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளிடுச்சு.

எனக்கு 2020 டிசம்பர் ஞாபகம் வந்துடுச்சு. ஆஸ்திரேலியா டூர்ல, அடிலெய்டில் இந்தியா 36க்கு ஆல் அவுட். கோலி ஊர் திரும்பிட்டார். தினம் ஒருத்தருக்குக் காயம். வலைப்பயிற்சியில பந்து போடப் போன நம்ம சேலம் சின்னப்பம்பட்டி இடது கை பவுலர் நடராஜன், அதே டூர்ல ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணுலயும் அறிமுகமாயிட்டார். 1988க்கு அப்புறம் அதுவரை ஆஸ்திரேலியா டெஸ்ட்ல தோற்காத பிரிஸ்பேன் காபா மைதானத்தில், முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட். மேட்ச் நமக்கு.

ஊர்ல சாரட் வண்டி வச்சு அழைச்சதை எல்லாரும் சொல்வாங்க. எனக்கு நடுவுல போன ரெண்டு மாசம்தான் பெரிசாப் படும். நவம்பர்ல அவருக்குப் பொண்ணு பிறந்துட்டா. அப்பா கையில வாங்கினது ஜனவரியிலதான். (எங்க வீட்டுல ரெண்டு நாள் ஓசூர் போனதுக்கே பஞ்சாயத்து.)

கிளம்பும்போது கேட்டேன், "இன்னொரு செருப்பு எங்கடா கண்ணு?"

"கால்லதாண்ணா இருக்கு. ரெண்டையும் வச்சா ஈஸியாயிடும்."