புகைபோக்கி அணைந்த பிறகு

தமிழ்நாட்டில் ஆடி என்றால் அம்மியும் பறக்கும் காற்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆடி குளிர்காலத்தில் வருகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அந்த வாரங்களில் எங்கள் குடியிருப்பான மெர்பேங்கில் இரவு பத்து மணிக்கு மேல் ஓர் இலைகூட அசையாது. கிழக்கே பிளஃப் குன்று, மேற்கே பெரியா மேடு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தென் டர்பன் பள்ளத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்க, அதன்மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ள, அன்றிரவு தொழிற்சாலைகளிலிருந்து எது வெளிவந்தாலும் மேலே போக வழியின்றி விடியும்வரை வீட்டுக் கூரைகளின் உயரத்திலேயே கிடக்கும்.

சென்ற ஆடியில் அப்படியோர் இரவில், பின்கட்டில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல் வாடை வந்தது. அம்மா ஏற்கெனவே ஆஸ்துமா பம்ப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா கேட்டருகே நின்று, “ரெண்டு ரிஃபைனரியும் நின்னு போச்சே டீச்சர், அப்புறம் இந்த வாடை எங்கிருந்து வருது?” என்று கேட்டார். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவளிடம் கேட்கும் கேள்வி இல்லைதான். ஆனாலும் அதற்கு விடை தேடப் போய்த்தான், ஒரு வருடமாக நான் உரிமப் பத்திரங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா சொன்னது உண்மை. 1954-இல் தொடங்கிய வென்ட்வர்த் சுத்திகரிப்பு ஆலை, 2020 டிசம்பர் 4 அன்று காலையில் வெடித்துத் தீப்பிடித்த பிறகு மீண்டும் ஓடவில்லை. அதை எரிபொருள் சேமிப்பு முனையமாக மாற்றப்போவதாக எஞ்சென் நிறுவனம் அடுத்த ஆண்டே அறிவித்தது. நாட்டிலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலையாக இருந்த மற்றொன்றான சேப்ரெஃப் 2022-இல் நிறுத்தப்பட்டது. 2024-இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை வாங்கியது. வானத்தில் இரவெல்லாம் எரிந்த தீக்கொழுந்து இப்போது இல்லை. எங்கள் குழந்தைப் பருவம் முழுவதும் அந்த வெளிச்சம் படுக்கையறைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அது இல்லாத சுவர் முதல் சில வாரம் எனக்கு வெறிச்சென்றிருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அந்த ஆலைகளைக் கட்டுப்படுத்த இந்த ஊர் பட்ட பாட்டைச் சொல்லாமல் இன்றைய வாடையைப் பற்றிப் பேச முடியாது. 1965-ஆம் ஆண்டின் வளிமண்டல மாசுத் தடுப்புச் சட்டப்படி, பெரிய ஆலைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் மத்திய அரசின் தலைமை அலுவலர் ஒருவரிடம் இருந்தது. எங்கள் தெருவில் எவ்வளவு கந்தகம் விழலாம் என்பதை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பிரிட்டோரியாவில் தீர்மானித்தார்கள். அதற்கும் மேலாக, ஆலைகள் நாட்டின் முக்கியப் பாதுகாப்பு இடங்கள் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், கணக்குக் கேட்ட குடியிருப்பாளர்களுக்குப் பாதுகாப்பு என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. 1995-இல் வென்ட்வர்த் ஆலை விழாவுக்கு வந்த நெல்சன் மண்டேலா, வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களைக் கண்டு காரை நிறுத்தி இறங்கிப் பேசினார். அடுத்த ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவு, உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்று எழுதியது.

உரிமை தாளில் வந்த பிறகும் அளவுகோல் வரவில்லை. அதனால் 2000-ஆம் ஆண்டு வாக்கில் மக்கள் தாங்களே அளக்கத் தொடங்கினார்கள், அதுவும் ஒரு பிளாஸ்டிக் வாளியால். பெயின்ட் வாளி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு தனிவகைப் பை. பையின் வாயிலிருந்து ஒரு குழாய் மூடியைத் துளைத்து வெளியே நீளும். சிறு பம்ப் ஒன்று வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும்போது, உள்ளே வெறுமை ஏற்பட்டுப் பை தானாக உப்பி, வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். வாடை அடிக்கும் நேரத்திலேயே பையை நிரப்பி, வாயை அடைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா, பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, பைஜாமாவோடு அந்த வாளியை மதில்மேல் தூக்கி வைத்துக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரசு அதிகாரி எவரும் அதுவரை இரவு பதினொரு மணிக்கு எங்கள் காற்றைப் பிடித்து வைத்ததில்லை.

அதே 2000-இல்தான் மத்திய அரசு தென் டர்பனுக்கென்று பல்முனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மாநகராட்சி பள்ளிகளிலும் ஆலைகளின் அருகிலும் அளவீட்டு நிலையங்களை நிறுவியது. இரண்டு ஆலைகளுக்கும் இடையில் அகப்பட்டிருந்த மெர்பேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட மாணவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு நிலையில் ஆஸ்துமா இருந்தது தெரியவந்தது. ஆலைகள் வேறு எரிபொருளுக்கு மாறியும் கருவிகள் பொருத்தியும் கந்தக டையாக்சைடைக் கணிசமாகக் குறைத்தன. உள்ளூர் நிர்வாகத்துக்கு அதிகாரமும் ஆளும் கருவியும் ஒன்றாக வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சில வருடங்கள் சாட்சி. பின்னாளில் அந்த நிலையங்கள் பல பழுதாகி ஓய்ந்தது, அதே பாடத்தின் மறுபக்கம்.

2004-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் சட்டமான காற்றுத் தரச் சட்டம், பழைய சட்டத்தை 2010-இல் முழுமையாக மாற்றியது. இப்போது காற்றை மாசுபடுத்தும் என்று அரசால் பட்டியலிடப்பட்ட தொழில் எதையும் வளிமண்டல உமிழ்வு உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. அந்த உரிமத்தை வழங்குவது மாநகராட்சியும் மாவட்ட நகராட்சியும். விண்ணப்பிப்பவர் அப்பகுதியில் விற்கும் குறைந்தது இரண்டு செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல நியாயமான அவகாசமும் தர வேண்டும். அக்கா ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்த கிழிசல் தாள் அப்படிப்பட்ட அறிவிப்புத்தான். மீன் சுற்றி வந்ததாம். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு எரிபொருள் கிடங்கு உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தது.

காற்றுத் தர வரம்புகள் என்ன சொல்கின்றன என்றுதான் முதலில் தேடினேன், அங்கேதான் இடித்தது. கந்தக டையாக்சைடுக்குப் பத்து நிமிடச் சராசரி 500 மைக்ரோகிராம், ஒரு மணிக்கு 350, ஒரு நாளுக்கு 125, ஒரு வருடத்துக்கு 50 என்று நான்கு வரம்புகள் இருக்கின்றன, எல்லாம் ஒரு கன மீட்டர் காற்றுக்கு. ஒரு கெட்ட இரவு அந்தக் கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும். பெட்ரோல் ஆவியோடு வரும் பென்சீனுக்கு ஒரே வரம்புதான்: ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், 2015 முதல். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளுக்கு நீண்டகாலச் சராசரியைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் தீங்கு சிறுகச் சிறுகச் சேர்வது. ஆனால் ஓர் இரவில் எட்டு மணி நேரம் 100 மைக்ரோகிராம் இருந்ததாக வைத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்த கணக்கில், 8,760 மணி நேரம் கொண்ட ஆண்டின் சராசரியில் அந்த இரவு சேர்த்தது 0.1-க்கும் குறைவு. அம்மா பம்ப்பைத் தேடிய இரவு, சட்டத்தின் கண்ணுக்கு நடக்கவே இல்லை. வருடம் முழுவதும் ஓடும் கருவி அந்த இடத்தில் இல்லையென்றால் ஆண்டுச் சராசரி என்பதே இல்லை, பிறகு மீறலுக்கு ஏது பேச்சு?

ஆகவே காற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஓரிடத்தில் மொத்தம் 1,000 கன மீட்டருக்கு மேல் பெட்ரோலியப் பொருட்களைச் சேமித்தால் அது பட்டியலிடப்பட்ட தொழில். ஆலை மூடினாலும் தொட்டிகள் இருக்கும்வரை உரிமம் வேண்டும். தொட்டி மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் ஆவி விரிந்து வெளியே வரும்; கப்பலிலிருந்து எண்ணெய் நிரப்பும்போது, ஏறுகிற எண்ணெய் தன்மேல் நிற்கும் ஆவியைத் தள்ளிவிடும். பெட்ரோல் போல எளிதில் ஆவியாகும் பொருளுக்கு இதைத் தடுக்க மிதக்கும் கூரை வைப்பார்கள். காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் அந்தக் கூரை எண்ணெயின்மேலேயே படிந்து, எண்ணெயோடு ஏறி இறங்கும். ஆவி நிற்க இடமிருக்காது. மிச்சம் இருப்பது கூரையின் விளிம்புக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. அதை ரப்பர் சீல் அடைக்கிறது. குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் சொல்லித் தர வேண்டியதில்லை. 20 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வெளிப்புற மிதக்கும் கூரைத் தொட்டிக்கு முதல் சீலுக்கு மேல் இரண்டாவது சீலும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் திட்டம் ஒன்றும் உரிமம் வழங்கும் நிர்வாகத்தின் ஒப்புதலோடு நடக்க வேண்டும்.

இந்த விதிகளில் சராசரி எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. சீல் இருக்கிறதா, இல்லையா. கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தார்கள். கிழிந்திருந்தால் எத்தனை நாளில் மாற்றினார்கள். பதில் சொல்ல ஆய்வகம் வேண்டாம். ஓர் அதிகாரி ஏணியில் ஏறினால் போதும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கிடங்கின் ஆலோசகர் வண்ணப் படங்களைக் காட்டி, ஆவி எங்கே எவ்வளவு பரவும் என்ற கணிப்பின்படி எல்லை வேலிக்கு வெளியே பென்சீன் வரம்புக்குள்தான் இருக்கும் என்றார். எல்லாத் தொட்டிகளின் சீலும் முறையாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணிப்பு அது. வாளி வைத்த தாத்தா இப்போது இல்லை, அவர் மகன் எழுந்து, “சரி தம்பி, அந்த ரப்பரை யாரு போய்ப் பார்த்தது?” என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார். ஆலோசகர் அவருடைய பேரன் வயதுதான் இருப்பார். தொட்டிமேல் நான் ஏறவில்லை, நிறுவனம் கொடுத்த விவரத்தை எடுத்துக்கொண்டேன் என்று மறைக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் போடுகிறவர் கொடுத்த எண்ணைத்தான் போட முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்த பிறகு கோயில் அலுவலக அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். அக்கா இருபது வருடம் துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர், “நல்ல காற்று வேணும்னு எழுதாதீங்க டீச்சர், அதுக்கு அவங்க நல்ல பதில் எழுதிடுவாங்க. தேதி கேளுங்க” என்றார். அப்படியே கேட்டோம். ஒவ்வொரு தொட்டிக்கும் எண், விட்டம், உள்ளிருக்கும் பொருள், கூரையின் வகை, முதல் சீல், இரண்டாவது சீல், கடைசியாகச் சோதித்த நாள், கண்ட குறை, சரிசெய்த நாள். நல்லெண்ணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த அட்டவணையை உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்த்து, ஆண்டுதோறும் புதுப்பித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தோம்.

பதில் ஏழு வாரம் கழித்து வந்தது: முகப்புக் கடிதமும் மூன்று பக்க அட்டவணையும். சமையல் மேசைமேல் விரித்து, அம்மா மூக்குக் கண்ணாடியோடு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் படித்தோம். பெரும்பாலான வரிகள் நிறைவாகவே இருந்தன. சில தொட்டிகளில் குறை கண்டு சரிசெய்த நாள்கூட எழுதியிருந்தார்கள், அதை நான் மதிக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பெட்ரோல் வைத்திருக்கும் ஒரு தொட்டிக்கு மட்டும், இரண்டாவது சீல் என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்றும், சோதித்த நாள் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடும் இருந்தன. அம்மா பென்சிலால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார். அந்தப் பக்கத்தின் நகலோடு இரண்டாவது கடிதம் திங்கட்கிழமை போயிருக்கிறது.