ரிப்போர்ட்டில் பேசோஃபில் பூஜ்ஜியம்: என் காணாக்கடி வைத்தியக் கதை

காணாக்கடி ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டால் டாக்டர்கள் அதை 'நாள்பட்டது' என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கெடு எப்போதோ கடந்துபோயிருந்தது. சாயங்காலம் ஆனால் இடுப்பிலும் தொடையிலும் சிவந்து தடிக்கும், ராத்திரியெல்லாம் அரிக்கும், விடிந்தால் தடமே இருக்காது. டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது உடம்பு சுத்தமாக இருக்கும்! இதே தொல்லை உள்ளவர்களுக்கு நான் சொல்வது, தடிப்பு இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, எப்போது மறைகிறது என்றும் பாருங்கள். காணாக்கடித் தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் அதே இடத்தில் நின்று, எரிச்சலும் வலியும் தந்து, கருமையை விட்டுப்போனால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்கத் தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஆரம்பத்தில் நிறைய நாள் வீணானது, 'எது ஒத்துக்கொள்ளவில்லை' என்று தேடியதில்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொருளைக் கைகாட்டினார்கள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், தடிப்பு பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்புறம் போன தோல் மருத்துவர் அந்தத் தேடலுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். நாள்பட்டுத் தானாக வரும் காணாக்கடியில் வெளிப்பொருள் காரணமாக இருப்பது அபூர்வம், பலருக்கு உடம்பின் சொந்த எதிர்ப்பொருள்களே (ஆன்டிபாடிகளே) இதைத் தூண்டுகின்றன என்றார். எழுதிக்கொடுத்த சோதனைகள் கொஞ்சம்தான்: வெள்ளணு வகைப்பிரிப்போடு சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஒவ்வாமையில் பங்குள்ள ஐஜிஇ என்ற ஆன்டிபாடியின் மொத்த அளவு, தைராய்டுக்கு எதிரான டிபிஓ ஆன்டிபாடி.

சிபிசியில் பேசோஃபில் என்ற வெள்ளணுவின் வரிக்கு நேரே 0.0 என்று இருந்தது. தடித்த எழுத்தில்லை, நட்சத்திரக் குறியில்லை. நார்மல் அளவே பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் லேபில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் மட்டும் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். அவற்றிலும் அதே பூஜ்ஜியம், ஈசினோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவும் குறைவு. ரத்தம் எடுத்த சமயத்தில் ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இல்லை என்று உறுதியான பிறகுதான் மேலே பேசினார். ஸ்டீராய்டு இந்த இரண்டு அணுக்களையுமே குறைத்துவிடுமாம். இவ்வளவு சொற்பமாக உள்ள அணுவை எண்ணுவதில் மெஷினும் தடுமாறும், அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார்.

பேசோஃபிலை 1879-இல் சாயம் ஏற்றிப் பார்த்து அடையாளம் காட்டியவர் பால் எர்லிக். ரத்தத்தின் வெள்ளணுக்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சில நாள்தான் உயிரோடிருக்கும். உள்ளே அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் நிரம்பிய துகள்கள், மேலே ஐஜிஇ வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள். இதே சரக்கு திசுக்களில் நிலையாகத் தங்கியிருக்கும் மாஸ்ட் செல்லிலும் உண்டு. அதனாலேயே பேசோஃபிலை ரொம்ப காலம் மாஸ்ட் செல்லின் நகல் போலவே பார்த்தார்கள். உண்ணி, குடற்புழு போன்றவற்றை எதிர்ப்பதில் இதற்குத் தனிப் பங்கு இருப்பது பிறகுதான் விலங்குச் சோதனைகளில் தெளிவானது.

சரி, என் பேசோஃபில்கள் எங்கே போயின? தோலுக்கு. காணாக்கடித் தடிப்பிலிருந்து எடுத்த தோல் துண்டுகளில் இவை காணப்படுகின்றன. நோய் கடுமையாக இருக்கும்போது ரத்தத்தில் எண்ணிக்கை குறைகிறது, தணியும்போது ஏறுகிறது. "கலவரம் நடக்கிற தெருவுக்குப் போலீஸ் எல்லாம் போயிட்டா ஸ்டேஷன் காலியாத்தானே இருக்கும்? இங்கே கலவரத்தைப் பெருசாக்குறதும் அதே போலீஸ்தான்" என்றார் டாக்டர். அதுவரை நான் கேட்ட விளக்கங்களில் இது ஒன்றுதான் மண்டையில் ஏறியது.

என் ஐஜிஇ மிகக் குறைவு, டிபிஓ ஆன்டிபாடி அதிகம். இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும், சொந்த ஆன்டிபாடிகள் தூண்டும் வகையாக இருக்கலாம் என்று டாக்டர் பேசோஃபில் தூண்டல் சோதனைக்கு எழுதினார். இதை எல்லா லேபிலும் செய்வதில்லை. என் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை (அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை), ஆரோக்கியமான இன்னொருவரின் பேசோஃபில்களோடு சேர்க்கிறார்கள். அவை கிளர்ந்தால், துகள்களின் உறையில் இருக்கும் சிடி63 என்ற புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட அணுக்களை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற அணு எண்ணும் கருவியில் எண்ணுகிறார்கள். நிலக்கடலை போன்ற உணவு ஒவ்வாமைக்கும் இந்தச் சோதனை உண்டு. ஆனால் அதில் நோயாளியின் சொந்த பேசோஃபில்களே வேண்டும் என்பதால் ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இதற்கு நிறுத்த வேண்டியதில்லை. அந்த நிலைமையில் மாத்திரை இல்லாத ராத்திரியை நினைக்கவே பயமாக இருந்தது எனக்கு.

முடிவு பாசிட்டிவ். ஐஜிஇ ஏற்பியையோ ஐஜிஇயையோ தாக்கும் ஆன்டிபாடி என் சீரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தூக்கம் வரவழைக்காத அலர்ஜி மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் நான்கு மடங்கு வரை கூட்டியும் எனக்கு அடங்கவில்லை. அடுத்த படி ஓமலிசுமாப் ஊசி. 2014-இல் காணாக்கடிக்கு அனுமதி பெற்ற மருந்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லிகிராம், தோலுக்கு அடியில். ஊசிக்குப் பிறகு கடும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அங்கேயே உட்காரவைப்பார்கள், புத்தகம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. உங்கள் மாதிரி ஆட்களுக்கு இது மெதுவாகத்தான் வேலை செய்யும், சிலருக்குச் செய்யாமலும் போகும், அப்போது நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்குப் போக வேண்டும், அதற்கு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முதல் ஊசிகளுக்கு ஒரு மாற்றமும் இல்லாதபோது நான் ஓடிப்போகாமல் இருந்தது அதனால்தான்.

நோய் எவ்வளவு கடுமை என்று பார்க்க, தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3 என்று மார்க் போட்டு, ஏழு நாளைக்கும் கூட்ட வேண்டும். உச்சம் 42. என் கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஓமலிசுமாப் ரத்தத்தில் திரியும் ஐஜிஇயைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்ட ஐஜிஇ கிடைக்காததால் பேசோஃபில் மேலுள்ள ஏற்பிகளும் குறைந்துபோகின்றன. சிபிசியில் பேசோஃபில் வரியில் மறுபடி ஒரு எண் தென்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

இந்தக் கதையைக் கேட்ட உறவுக்காரர் ஒருவர் தன் ரிப்போர்ட்டில் பேசோஃபில் லேசாகக் கூடியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். தொடர்ந்து கூடியே இருந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் பேசோஃபில் கூடும். ஆனால் அதில் பொதுவாக மொத்த வெள்ளணுக்களும் எகிறியிருக்கும், பிசிஆர்-ஏபிஎல் மரபணுச் சோதனையில் உறுதி செய்வார்கள். அவருக்கு மறுபடி எடுத்தபோது நார்மலாகவே வந்தது.

இப்போது என் ஊசிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சிபிசி எடுக்கட்டுமா என்று ஆர்வமாகக் கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர். பேசோஃபில் எண்ணிக்கையை வைத்து ஊசியைத் தள்ளிப்போட முடியாது, அந்த ஏழு நாள் மார்க்கை மட்டும் கொண்டுவந்தால் போதுமாம்.